கேப்ஸ் லாக் பதவியேற்பு

ஒரு நகரத்தின் நாகரிகத்தை அதன் தெருவிளக்குகளை வைத்து எடைபோடுகிறவர்கள் விவரம் புரியாதவர்கள். தெருவிளக்கு இன்றைக்கு எரியும், நாளைக்கு அணையும், மழை வந்தால் இரண்டுங்கெட்டானாக மினுக்கும். அதிலே பெருமைப்பட என்ன இருக்கிறது? எந்தக் காரணத்தைக் கொண்டும் அணையாத விளக்கு ஒன்று எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரே நாகரிகத்தில் முதல் ஊர். அப்படிப்பட்ட விளக்கைப் பெற்றிருந்தது தெருவிளக்குப் பராமரிப்பு அலுவலகம். வரலாறு இதைப் பற்றி இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை என்றால், அது வரலாற்றின் சோம்பேறித்தனமே தவிர விளக்கின் குற்றமில்லை.

விளக்கு பார்வைக்குப் பெரிதல்ல. எள் அளவு. பச்சை நிறம். மேலாளர் அறையில், மேலாளர் மேசையில், மேலாளருடைய விசைப்பலகையின் வலது மூலையில் அது இருந்தது. கேப்ஸ் லாக் விசையை அமுக்கினால் எரியும்.

மற்ற அலுவலகங்களில் கேப்ஸ் லாக் என்பது வெறும் விசை. ஒரு முறை அமுக்கினால் ஆங்கில எழுத்தெல்லாம் பெரிதாக விழும். இன்னொரு முறை அமுக்கினால் சின்னதாக விழும். இந்த அலுவலகத்தில் அது பதவி. நம் மொழியில் ஒரு பெருங்குறை உண்டு: பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. குறில், நெடில் இருக்கிறது. அதுவும் வாயை எவ்வளவு நேரம் திறப்பது என்கிற கணக்குத்தான். ஆங்கிலம் வந்துதான் எழுத்துகளுக்குள்ளே மேலதிகாரி, கீழ் ஊழியர் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தது. அந்த ஒழுங்கை இந்த அலுவலகம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மேலாளர் எதை அடித்தாலும் பெரிய எழுத்து. மற்றவர்கள் எதை அடித்தாலும் சின்ன எழுத்து, அவரவர் சொந்தப் பெயர் உட்பட. ஊழியர்களின் கேப்ஸ் லாக் விசைமேல், கம்பம் ஏறுகிறவர்கள் கம்பியில் சுற்றும் கறுப்பு டேப் ஒட்டப்பட்டிருந்தது. வாக்கியத்தின் முதல் எழுத்தை மட்டும் ஷிப்ட் விசையை அமுக்கிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அது அந்த எழுத்துக்கு வழங்கப்படும் 'தற்காலிகப் பொறுப்பு' என்று சுற்றறிக்கை விளக்கியது.

விசைப்பலகையில் மூன்று விளக்குகள் உண்டு. கேப்ஸ் லாக் மேலாளருக்கு. நம்பர் லாக், அதாவது வலது ஓரத்து எண் விசைகளுக்கு உயிர் கொடுக்கிற விளக்கு, தலைமை எழுத்தருக்கு. ஸ்குரோல் லாக் என்று மூன்றாவதாக ஒன்று. அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அது ஆலோசகருக்கு ஒதுக்கப்பட்டது. ஒருவருடைய விளக்கை இன்னொருவர் ஏற்றக் கூடாது.

இவ்வளவு சீரான அலுவலகத்தின் புகார்ப் பிரிவில்தான் மாப்பிள்ளை வேலை பார்த்தான். நிச்சயம் ஆன நாளிலிருந்து அவனுக்கு அந்தப் பெயர். மறுநாள் காலை கல்யாணம். ஆனாலும் அவன் மேசைமுன் உட்கார்ந்திருந்தான். காரணம், விடுப்பு. வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகாதவன், அனுமதி இல்லாமல் ஒரு நாள் வராவிட்டாலும் வேலை போய்விடும். அவன் கேட்ட விடுப்பு கம்ப்யூட்டருக்குள் காத்துக்கொண்டிருந்தது. மேலாளர் உள்ளே நுழைந்து ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். முந்தின நாள் ஓய்வு பெற்ற பழைய மேலாளர், "நான் போற நேரத்துல எதுக்குப்பா? புதுசா வர்றவரு கையால வாங்கிக்கோ, நல்லா இருப்ப" என்று ஆசி கூறிவிட்டுப் போய்விட்டார்.

புகார்ப் போன் அடித்தது.

"வணக்கம், தெருவிளக்குப் பராமரிப்பு, புகார்ப் பிரிவு."

"வணக்கமெல்லாம் இருக்கட்டும் மாப்பிள்ளை. அத்தை பேசுறேன். எங்க தெரு விளக்கு என்னாச்சு?"

மாப்பிள்ளை தன்னை அறியாமல் எழுந்து நின்றான். வருங்கால மாமியார்.

"ஆர்டர் தயாரா இருக்கு அத்தை. மேலாளர் கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் தட்டினா போதும். ஏணி வண்டி கீழ நிக்குது, உடனே கிளம்பிடும்."

"நேத்தும் இதான் சொன்னீங்க."

"நேத்து மேலாளர் ரிட்டயர் ஆயிட்டாரு அத்தை."

"அவரு ரிட்டயர் ஆனா எங்க தெரு ஏன் ரிட்டயர் ஆகணும்? எங்க பெரியண்ணன் கல்யாணத்துக்குன்னு அவ்வளவு தூரத்துல இருந்து வந்து, வாசல் தெரியாம சாக்கடையில கால வச்சுட்டாரு. இப்ப கால நாற்காலி மேல நீட்டிக்கிட்டு என்னையே பார்க்கிறாரு. ஊருக்கே வெளிச்சம் போடுற ஆபீஸ்ல மாப்பிள்ளைன்னு நான்தானே தண்டோரா போட்டேன்? இன்னைக்கு சாயங்காலம் இன்னும் அம்பது பேரு வர்றாங்க. அத்தனை பேரையும் சாக்கடையில இறக்கிக் காட்டணுமா?"

"பொழுது சாயறதுக்குள்ள எரியும் அத்தை. இது என் பொறுப்பு."

"லீவு கிடைச்சுதா?"

"அதுவும் அதே பட்டன்தான் அத்தை."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அந்தப் பட்டனைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று வைத்துவிட்டார்.

உள்ளே பதவியேற்பு தொடங்கியிருந்தது. இத்தனை காலம் தலைமை எழுத்தராக இருந்தவர்தான் இப்போது மேலாளர். தலைமை எழுத்தராக அவர் செய்த முக்கியப் பணி, மேலாளர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டி அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு வருவது. இன்று புதுச் சட்டை. முழங்கை வரை பவுடர். அலுவலகமே எழுந்து நின்றது. அவர் இடது கைச் சுண்டுவிரலை நீட்டி, கண்ணை மூடி, கேப்ஸ் லாக்கை அமுக்கினார். விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டச்சு அக்கா மட்டும், "தூசி விழுந்திருக்கும்" என்றாள்.

"முதல்ல மாப்பிள்ளையோட லீவு. அப்புறம் அந்தத் தெருவிளக்கு. என் ஆட்சியில எதுவும் நிக்கக் கூடாது" என்றார் மேலாளர். "எல்லாரும் திரும்புங்க."

மேலாளர் கடவுச்சொல் அடிக்கும்போது அறையில் உள்ளவர்கள் அனைவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. எல்லோரும் திரும்பினார்கள். மேலாளருக்கு எழுத்தைத் தேடித் தேடி, வாய்விட்டுச் சொல்லி அடிப்பது வழக்கம்.

"எம்... ஏ... என்... ஏ... ஜி எங்க போச்சு... ஆ, ஜி... ஈ... ஆர்... ஒண்ணு."

சுவரைப் பார்த்தபடி ரகசியம் முழுவதையும் அலுவலகம் காத்தது. தட்டச்சு அக்கா மாப்பிள்ளையின் காதருகே, "பாவம்டா, பாஸ்வேர்டுல எப்பவோ மேனேஜர் ஆயிட்டாரு" என்று கிசுகிசுத்தாள்.

'கடவுச்சொல் தவறு' என்றது திரை.

மேலாளர் மறுபடி அடித்தார். மறுபடி தவறு. அலுவலகத்தில் கவலை பரவியது. அறிஞர்கள் ஒவ்வொருவராக முன்வந்தார்கள்.

"சார், நீங்க பதவிக்கு வந்த விஷயம் கம்ப்யூட்டருக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது. ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டு அடிங்க" என்றார் கணக்கர்.

மேலாளர் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். தவறு.

"தயங்கித் தயங்கி அடிச்சா எப்படி ஏத்துக்கும்? அதிகாரமா அடிங்க சார்" என்றார் இன்னொருவர்.

அதிகாரமாக அடித்ததில் மேசைமேல் இருந்த பேனா உருண்டு விழுந்தது. தவறு. கூடவே புது வரி ஒன்று வந்தது: இன்னும் ஒரே ஒரு முறை தவறினால் கணக்கு நாளை வரை பூட்டப்படும்.

மாப்பிள்ளைக்கோ, நாளை வரை என்றால் கல்யாணம் வரை.

எல்லோரும் ஆலோசகரைப் பார்த்தார்கள். ஸ்குரோல் லாக்குக்கு உரிமையாளரான அவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு சொன்னார்: "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்." அவர் எப்போதும் அதைத்தான் சொல்வார். அவருடைய ஒரு ஆலோசனைகூடத் தவறிப்போனது கிடையாது.

பொறுத்துப் பார்த்தார்கள். மதியம் ஆனது. மாப்பிள்ளைதான் கெஞ்சிக் கூத்தாடித் தலைமையகத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். ஒரு பெண் குரல் வந்தது.

"சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?"

"உள்ள விட மாட்டேங்குதும்மா."

"கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கா பாருங்க சார்."

"இருக்கு" என்றார் மேலாளர், சட்டைக் காலரைச் சரிசெய்தபடி. "காலையிலதான் முறைப்படி ஏத்தினோம்."

"அதான் சார். அதை ஆஃப் பண்ணிட்டு அடிங்க."

கணக்கர் ஒரு அடி பின்வாங்கினார்.

"என்னம்மா சொன்ன?"

"ஆஃப் பண்ணுங்க சார். உங்க பாஸ்வேர்டு சின்ன எழுத்துல இருக்கும்போல. இப்ப எல்லாம் பெருசா விழுது, அதான் எடுக்கலை."

"நீ எந்த கிரேடும்மா?"

"சார்?"

"இந்த விளக்கு ஏன் எரியுது தெரியுமா? எத்தனை வருஷம் நான் சின்ன எழுத்துலயே குப்பை கொட்டினேன் தெரியுமா? காலையில ஏத்தினதை மத்தியானம் அணைக்கணுமா? வெளிய தெரிஞ்சா, பதவி இறக்கிட்டாங்கன்னு பேச மாட்டாங்க?"

"சார், அது வெறும்..." என்று அந்தப் பெண் தொடங்குவதற்குள் மேலாளர் போனை வைத்துவிட்டார். கணக்கர் தண்ணீர் கொடுத்தார்.

பிரச்சினைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆகவே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. காரணம் தெரியாத வரைக்கும் ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். தெரிந்தபின் கூட்டம் அவசியம் என்பது நிர்வாகத்தின் அரிச்சுவடி.

முன்னுதாரணம் ஒன்றைக் கணக்கர் நினைவுபடுத்தினார். முந்தின மேலாளர் காலத்தில் ஒருமுறை மின்சாரம் போய், விளக்கும் அணைந்தது. அன்று ஊழியர்கள் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். மின்சாரம் வந்ததும் மேலாளருக்கு மறுபடி பதவியேற்பு நடந்தது. ஆகவே ஓய்வு பெறும் நாளில் அல்லாமல் அந்த விளக்கை அணைக்க விதியில் இடமில்லை.

"கைக்குட்டையால மூடிட்டு அணைச்சா? யார் கண்ணுக்கும் தெரியாதே" என்றான் மாப்பிள்ளை.

"என் மனசாட்சிக்குத் தெரியும்" என்றார் மேலாளர்.

"அக்காவோட கீபோர்டைக் கொண்டாந்து சொருகிட்டா?"

"டேப் ஒட்டின கீபோர்டுல நான் அடிக்கணுமா?"

"சார் ஒரு அஞ்சு நிமிஷம் லீவு எடுத்துக்கிட்டா, அந்த நேரத்துக்கு அவரு மேலாளர் இல்லை. அப்ப அணைக்கலாம்" என்று கணக்கர் ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்தார். எல்லோரும் வியந்து பாராட்டினார்கள். பிறகு, அந்த விடுப்பை அனுமதிக்க மேலாளர் உள்ளே நுழைந்தாக வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றார் ஆலோசகர்.

ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில் ஏணி வண்டி நின்றது. லைன்மேன் வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். நிழல் நீண்டுகொண்டே போனது. மாப்பிள்ளை நைசாக வெளியே வந்து, புகார்ப் போனிலிருந்து அதே உதவி எண்ணை அழைத்தான்.

"மேடம், மத்தியானம் பேசின ஆபீஸ்தான்..."

"அந்த விளக்கு ஆபீஸா?" அந்தப் பெண் சிரித்தாள். "இன்னும் எரியுதா?"

"எரியுது மேடம். நாளைக்கு எனக்குக் கல்யாணம் மேடம்."

"ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

சொன்னான். சாக்கடையில் கால் வைத்த பெரியண்ணன் வரைக்கும் சொன்னான். அவள் ரிசீவரைப் பொத்திக்கொண்டு பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லிச் சிரிப்பது கேட்டது. பிறகு வந்தாள்.

"சரி, அணைக்க மனசு வரலைன்னா விடுங்க. கேப்ஸ் லாக் எரியும்போது ஷிப்டை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அடிச்சா எழுத்து சின்னதாத்தான் விழும். ஆனா நம்பர் அடிக்கும்போது ஷிப்டை விட்டுடணும். நம்பர் அடிக்க வலது பக்கப் பட்டனா?"

"ஆமா மேடம். தலைமை எழுத்தரா இருந்தப்பவே அவருக்கு அந்தப் பழக்கம்."

"அப்ப நம்பர் லாக் எரியுதா பாருங்க. எரியலைன்னா அதுவும் விழாது. எதுக்கும் ஒரு தடவைதான் மிச்சம், பார்த்துக்குங்க. கல்யாணத்துக்கு வாழ்த்துகள்."

வழி கிடைத்துவிட்டது. அதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது? 'பெரிய எழுத்தைச் சின்னதாக்கலாம் சார்' என்று சொன்னால் மாப்பிள்ளையை மேசையோடு சேர்த்து வெளியே போடுவார். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான்.

"சார், விளக்கு அணைய வேண்டாம். எரிஞ்சபடியே எரியட்டும். நீங்க ஷிப்டை அமுக்கிப் பிடிச்சா போதும். நீங்க பெருசாவே இருப்பீங்க. உங்களுக்குக் கீழ விழறது மட்டும் சின்னதா விழும்."

மேலாளர் மெல்ல நிமிர்ந்தார்.

"அதாவது, ஒண்ணை அமுக்கி வச்சா..."

"மத்ததெல்லாம் தன்னால சின்னதாயிடும் சார்."

"இதுக்குப் பேருதாண்டா நிர்வாகம்!" என்றார் மேலாளர். அவர் கண்கள் பளபளத்தன. "இந்த மிஷினைக் கண்டுபிடிச்சவன் ஏதோ பெரிய ஆபீஸ்ல வேலை பார்த்திருக்கணும்."

ஆனால் நம்பர் லாக் எரியவில்லை. அது தலைமை எழுத்தரின் விளக்கு. காலையில் பதவியேற்றபோது மேலாளரே அதைத் துறந்துவிட்டார். தலைமை எழுத்தர் பதவியோ காலி. ஆகவே அங்கேயே, நின்ற இடத்திலேயே, கணக்கர் 'பொறுப்புத் தலைமை எழுத்தர்' ஆக்கப்பட்டார். அவர் மேலாளரின் விசைப்பலகைமேல் குனிந்து நம்பர் லாக்கை அமுக்கினார். இரண்டாவது விளக்கும் எரிந்தது. மீண்டும் கைதட்டல். இந்த முறை கண்ணைத் துடைக்கக்கூட அவருக்கு மறந்துவிட்டது.

அடுத்த சிக்கல், ஷிப்டை யார் பிடிப்பது? ஒரு மேலாளர் ஒரே நேரத்தில் இரண்டு விசைகளை அமுக்குவது பதவிக்கு அழகல்ல என்று தீர்மானமானது. "மாப்பிள்ளை, நீயே பிடி. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் வச்சுக்கோ."

மாப்பிள்ளை மேசையோரம் மண்டியிட்டு, இடது கையை நீட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அலுவலகமும் சுவரைப் பார்த்தது.

"பிடி!"

பிடித்தான்.

"எம்... ஏ... என்... ஏ... ஜி..."

மாப்பிள்ளையின் விரல் வியர்த்து விசைமேல் வழுக்கியது. வழுக்கினால் வேலை போயிற்று. வேலை போனால் பெண் வீட்டில் பெரியண்ணன் ஒற்றைக் காலிலேயே எழுந்து வருவார்.

"ஈ... ஆர்... விடு!"

விட்டான்.

"ஒண்ணு."

பிறகு மேலாளரின் குரல், பிள்ளை பிறந்த செய்தி சொல்வதுபோல மெதுவாக வந்தது: "உள்ள போயிட்டேன்."

அலுவலகம் ஆர்ப்பரித்தது. தட்டச்சு அக்காகூட விசில் அடித்தாள். திரையில் மாப்பிள்ளையின் விடுப்பு முதலில் நின்றது. அனுமதிக்க மறுபடி கடவுச்சொல் கேட்டது. ஒவ்வொரு அனுமதிக்கும் கேட்கும். மாப்பிள்ளை சந்தோஷமாக மறுபடி மண்டியிட்டான். மேலாளர் கையைத் தூக்கியவர், தூக்கியபடியே நிறுத்தினார்.

"நாளைக்கு நீ வரலைன்னா ஷிப்டை யாருப்பா பிடிப்பா?"

மாப்பிள்ளை மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தான்.

"சார், கல்யாணம் சார்."

"கல்யாணம் யாரு வேணா பண்ணிக்கலாம். ஷிப்ட் பிடிக்கிறது ஒரு கலை. நீ பிடிச்சியே, அந்த நேக்கு..."

"நான் பிடிக்கிறேன் சார்" என்றாள் தட்டச்சு அக்கா. "நாள் பூரா அதைத்தானே பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

மேலாளருக்குப் பக்கத்தில், மேசைக்கு அந்தப் புறமாக, ஒரு இருக்கை உருவாகிறது என்பது கணக்கருக்கு அப்போதுதான் உறைத்தது. "அதெப்படி? பொறுப்புத் தலைமை எழுத்தர் நான் இருக்கும்போது? ஒரு கையில நம்பர் லாக், ஒரு கையில ஷிப்ட். எனக்கு ரெண்டு கை இருக்கு சார்!"

"எனக்கு மட்டும் என்ன, ஒண்ணரையா?"

"பதவிமூப்புன்னு ஒண்ணு இருக்கும்மா!"

"விரலுக்கு ஏதுங்க பதவிமூப்பு?"

தன் பக்கத்தில் நிற்க இரண்டு பேர் அடித்துக்கொள்வதைக் கண்ட மேலாளரின் மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில், பிடி, விடு என்று மாப்பிள்ளையின் விடுப்பை அனுமதித்துவிட்டார். மாப்பிள்ளை நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"ரொம்ப நன்றி சார். அடுத்து அந்தத் தெருவிளக்கு ஆர்டர். நான் பிடிச்சுக்கிறேன், நீங்க அடிங்க."

"அதெப்படி? நீதான் லீவுல போயிட்டியே" என்றார் மேலாளர். "லீவுல இருக்கிறவரு ஷிப்ட் பிடிச்சா நாளைக்குத் தணிக்கையில கேள்வி வரும்."

"லீவு நாளைக்குத்தானே சார்!"

"அனுமதி இன்னைக்குத்தானே? இனிமே புது ஆள்தான் பிடிக்கணும்."

"அப்ப அக்கா பிடிக்கட்டும் சார். இல்லைன்னா கணக்கர். யாராவது பிடிங்க, ஒரு நிமிஷ வேலை."

புது ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆலோசகர் அதற்குத் தலைவர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே மறுபடியும் எழுத வேண்டியதில்லை. அலுவலக நேரம் முடிந்தது. மேலாளர் கணினியிலிருந்து முறைப்படி வெளியேறி, பச்சை விளக்கை ஒருமுறை கண்குளிரப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். மின்சாரத்தைச் சேமிப்பது ஒவ்வொருவரின் கடமை என்பதால் மின்விசிறி, குழல்விளக்கு எல்லாம் அணைக்கப்பட்டன. மேலாளரின் கணினியை மட்டும் அணைக்கவில்லை. அணைத்தால் அதுவும் அணைந்துவிடுமே.

புகார்ப் போன் அடித்தது. மாப்பிள்ளை எடுக்கவில்லை. யாரென்று தெரியும். நின்றுவிட்டு மறுபடி அடித்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். வானம் மங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது பேர் இந்நேரம் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பார்கள். வெள்ளை வேட்டி, புதுப் புடவை, கையில் பரிசுப் பொட்டலம், கீழே சாக்கடை. மாப்பிள்ளை மேலாளர் அறைக்குள் நுழைந்தான். இருட்டில் பச்சை விளக்கு மட்டும் அவனையே பார்த்தது.

விரலை நீட்டினான். மடக்கினான். இதுவரை எந்த ஊழியனும் தொடாத விசை. தொட்டது தெரிந்தால் விடுப்பு நிரந்தரமாகக் கிடைக்கும். போன் மூன்றாவது முறை அடிக்கத் தொடங்கியது.

அமுக்கினான்.

விளக்கு அணைந்தது. இடி எதுவும் இடிக்கவில்லை. கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. கூடையை மறந்துவிட்டுப் போயிருந்த தட்டச்சு அக்கா அதை எடுக்கத் திரும்பி வந்தவள், வாசலில் நின்று அவனைப் பார்த்தாள். விளக்கு இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு, பாதுகாப்பு விதியை முழுமையாகக் கடைப்பிடித்து, மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் எதையும் பார்க்கலைடா. சீக்கிரம் அடி. கடைசியில ஒண்ணு, மறந்துடாத."

சின்ன எழுத்தில் 'மேனேஜர்', பிறகு ஒன்று. கணினியின் கதவு திறந்தது. ஆர்டரைத் தேடினான், அனுமதித்தான், மறுபடி 'மேனேஜர்', ஒன்று. முற்றத்தில் லைன்மேனின் கைப்பேசி கீச்சென்றது. அவர் துண்டை உதறுகிற சத்தம் மாடிவரை கேட்டது. மாப்பிள்ளை கணினியிலிருந்து வெளியேறி, கேப்ஸ் லாக்கை அமுக்கி, மேலாளருக்கு அவர் பதவியைத் திருப்பிக் கொடுத்தான்.

"போடா, ஓடு" என்றாள் அக்கா, இன்னமும் சுவரைப் பார்த்தபடி. "நாளைக்குக் காலையில சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடறேன்."

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஏணி வண்டியில் வந்து இறங்கிய மாப்பிள்ளையை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது. லைன்மேன் ஏணியை நிமிர்த்தி, மேலே ஏறி, எதையோ திருகினார். விளக்கு ஒன்று மினுக்கி, முனகி, எரிந்தது. அதைப் பார்த்து அடுத்தது. அதற்கடுத்தது. தெரு முழுக்க வெளிச்சம் ஓடி, கல்யாண வீட்டு வாசலில் நாற்காலியில் நீட்டியிருந்த ஒரு கட்டுப்போட்ட காலில் போய் நின்றது. காலுக்குரியவர் கைதட்டினார். சாக்கடையை ஒட்டி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வரிசையாக நகர்ந்துகொண்டிருந்த உறவினர்கள் கையை எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல நடந்தார்கள்.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"லீவு?"

"கிடைச்சிருச்சு அத்தை."

"போனை ஏன் எடுக்கலை?"

"அப்ப கை வேலையா இருந்தது அத்தை."

"நல்லா இருங்க. ரெண்டு நாளா நானும் கத்தாத கத்தில்லை. இப்ப மட்டும் எப்படி மாப்பிள்ளை? அப்படி என்ன பண்ணீங்க?"

மாப்பிள்ளை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஆபீஸ்ல எரிஞ்சுக்கிட்டிருந்த ஒரு விளக்கை அணைச்சேன் அத்தை. எள்ளு அளவு விளக்கு. கொஞ்ச நேரம்தான்."

மாமியார் அவனைப் பார்த்தார். வெளிச்சத்தில் கிடந்த தன் தெருவைப் பார்த்தார். பிறகு அதைத் தாண்டி, முனையில் திரும்பி, மேடேறி, ஊரின் கடைசிவரை இருட்டாகவே கிடந்த மற்றத் தெருக்களைப் பார்த்தார்.

"அப்ப அந்தத் தெருவுக்கெல்லாம் இன்னும் எத்தனை எள்ளு விளக்கு எரிஞ்சுக்கிட்டிருக்கு, மாப்பிள்ளை?" என்றார்.